கோட்டைமுனை ஒழுங்கைக்குள்ள ஒரு மொழிபெயர்ப்புக் கடை, மச்சான்ட ஏலாமைய இங்கிலீசுல எழுதின கதை

முதல்ல சொல்லிப்போடுறன், இது பெரிய கடை ஒண்டுமில்ல. மட்டக்களப்புக் கோட்டைமுனைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள, முன்னுக்கு ஒரு வேப்பமரம், பேர்ப்பலகைல கடைக்குப் பேரே இல்ல, "சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், டைப்செட்டிங், போட்டோகொப்பி" எண்டு மட்டும் எழுதியிரிக்கும். ஆக்கள் மாஸ்டர்ர கடை எண்டுதான் சொல்றது, ரிட்டையர் ஆன இங்கிலீஸ் வாத்தியார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, விசாவுக்குப் போற கடிதம் இதுகள்தான் அங்க வழமையா வாற வேலை. நான் போனது வேற ஒரு விசயத்துக்கு, அதத்தான் எழுதுறன். கொஞ்சம் நீளும், குறை நினைக்காதீங்க.

என்ட மாமாட மகன், எனக்கு மச்சான், 85ல அமெரிக்கா போனவரு. கிரீன் கார்ட் கிடைச்ச கையோட 88ல அங்கத்த ஆமில சேர்ந்திட்டாரு, மட்டக்களப்புல இருந்து ஒத்தன் அமெரிக்க ஆமியா எண்டு ஊரே சிரிச்சது எனக்கு இப்பவும் நினைவிரிக்கு. எரிபொருள் கொண்டு போற லொறிப் படைல இருந்தவரு, 91ல சவூதிக்கும் குவைத்துக்கும் போய் வந்தவரு. துவக்குச் சண்டை பெரிசா பாக்கல்ல எண்டுதான் சொல்லுவாரு. ஆனா திரும்பி வந்ததில இருந்து ஆள் பழைய ஆள் இல்ல. மூட்டெல்லாம் உளைவு, வயிறு ஒரு நாள் நல்லா இருந்தா மூணு நாள் கெட்டுக் கிடக்கும், நித்திர கொண்டு எழும்பினாலும் கொள்ளாத மாதிரி, கதைச்சிட்டு இரிக்கக்குள்ள சொல்லு மறந்து போயிரும். 2017ல மாமி ஏலாம கிடந்த நேரம் மனுசியோட ஊருக்கு வந்தவரு, மறுகா இஞ்சயே தங்கிட்டாரு.

ஊரு என்ன சொல்லும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. சோம்பல் எண்டாங்க, டொலர்ல பென்சன் வந்தா யாருக்குத்தான் வேலை செய்ய மனம் வரும் எண்டாங்க, ஒரு பெரியம்மா கண்ணூறு எண்டு மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டா. உண்மையா அவருக்கு அந்த நேரம் பென்சனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டொக்டர்மார்ட போனாலும் ரத்தம் நோர்மல், ஸ்கேன் நோர்மல், எக்ஸ்ரே நோர்மல். ரிப்போட் எல்லாம் நல்லம், ஆளுக்குத்தான் ஏலா. நானும் ஒரு காலத்தில மனசுக்குள்ள ஆள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்றாரோ எண்டு நினைச்சவன்தான், மறைக்கல்ல.

மறுகாதான் விளங்கிச்சு இது அவருக்கு மட்டும் வந்த வருத்தம் இல்ல எண்டு. ஈராக் குவைத்தப் பிடிச்சதால வந்த வளைகுடாச் சண்டைக்கு 1990, 91ல போன அமெரிக்கப் படையாக்கள் கிட்டத்தட்ட 697,000 பேர். 2008ல அங்கத்த அரசாங்கமே போட்ட ஆராய்ச்சி ஆலோசனைக் குழு, அதில நாலுக்கு ஒரு பங்குக்குக் குறையாத ஆக்களுக்கு இந்த வருத்தம் இரிக்கு, இது மனப்பிராந்தி இல்ல, உண்மையான வருத்தம் எண்டு எழுதிச்சு. காரணமா அவங்க காட்டினது முக்கியமா ரெண்டு. ஒண்டு பூச்சி மருந்து. மத்தது நச்சு வாயு அடிச்சா தப்புறதுக்கு எண்டு முன்கூட்டியே குடுத்த பைரிடோஸ்டிக்மின் குளிசை, 30 மில்லிகிராம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒண்டு. மச்சான் அந்த அட்டைய இப்பவும் கையால காட்டுவாரு, 21 குளிசை, சார்ஜண்ட் முன்னுக்கு நிண்டு விழுங்க வைப்பாராம். இந்தக் குளிசை புது மருந்து இல்ல, தசை பலமில்லாமப் போற மயஸ்தீனியா நோயாளிகளுக்கு எத்தனையோ வருசமா குடுக்கிறது. நோயாளிக்கு அது மருந்து, சுகமான பொடியனுக்கு என்ன எண்டுதான் கேள்வி. அதுக்கு மேல ஈராக்ல கமிசியா எண்ட இடத்தில 91 மார்ச்ல ஆயுதக் களஞ்சியத்த அமெரிக்கப் படையே வெடிக்க வெச்சது, அதுக்குள்ள சாரின் எண்ட நச்சு இருந்தது, அத வெளில ஒத்துக்கொண்டது 96ல. குவைத்துல எரிஞ்ச எண்ணெய்க் கிணறு 600க்கு மேல, கடைசித் தீ அணைஞ்சது நவம்பர்ல. பகல் பன்னெண்டு மணிக்கு லொறிக்கு லைட் போட்டு ஓடினம், மூக்கச் சீறினா கறுப்பா வரும் எண்டு மச்சான் சொல்லுவாரு.

94லயே சட்டம் வந்திட்டு, பேர் தெரியாத வருத்தத்துக்கும் நட்டஈடு குடுக்கலாம் எண்டு. ஆனா சட்டம் இரிக்கிறது வேற, கையில கிடைக்கிறது வேற. அமெரிக்காட கணக்காய்வு அலுவலகம் 2017ல சொன்னபடி, 2015ல இந்த வளைகுடா வருத்தத்துக்கு எண்டு கேட்டதில நூத்துக்கு 17தான் ஏத்துக்கொண்டிரிக்கு. வியட்நாம் சண்டைல ஏஜண்ட் ஒரேஞ்ச் எண்ட காடழிக்கிற நச்சு மருந்து அடிச்சதுக்கும் இதே கதைதான், தெளிக்கிறது 71ல நிண்டது, அதுக்கு எண்டு சட்டம் வந்தது 91ல, பிரசர் வருத்தத்த அந்தப் பட்டியல்ல சேர்த்தது 2022ல, படைல நச்சுப்பட்டவங்களுக்கு எண்டு பாக்ட் அக்ட் எண்ட சட்டம் வந்து. அந்த 2022 சட்டத்தக் கேள்விப்பட்டுத்தான் மச்சான் ஒருக்காக் கேட்டுப் பாப்பமே எண்டு எழும்பினாரு. 96ல ஒருக்கா போம் எடுத்து அரைவாசி நிரப்பி விட்டவராம், அந்த வயசில நான் நோயாளி எண்டு எழுத வெக்கமா இருந்திச்சாம்.

இப்ப கடைக்கு வாறன். அதுக்கு முதல் ஒரு ஏச்சு. இன்டர்நெட்ல ஒரு கம்பெனி பிடிச்சவரு, பேர் வேணாம், நாங்க எல்லாம் செஞ்சு தாறம், வெண்டா கூடுற மாசப் பென்சன்ல ஆறு மாசத்த எங்களுக்குத் தரோணும் எண்டாங்க. டொலர்ல ஆறு மாசம்! அப்புறம் பாத்தா, அங்கத்த சட்டப்படி முதல் தரம் கேக்கிற க்ளெய்முக்கு ஒத்தரும் கூலி வாங்கக் கூடாதாம், பழைய படைவீரர் சங்கங்கள்ல அனுமதி பெற்ற ஆக்கள் சும்மாவே செஞ்சு குடுப்பாங்களாம். அப்பிடி ஒரு ஆளத்தான் மச்சான் ஃபோன்ல பிடிச்சாரு. அந்த மனுசன் முதல் சொன்ன வேலை, கேக்கப் போறன் எண்டு ஒரு அறிவித்தல் போடு, போட்டா ஒரு வருசம் டைம், மறுகா வெண்டா அறிவித்தல் போட்ட தேதில இருந்து காசு. ரெண்டாவது, உங்கட ஊர்ல எடுத்த மருத்துவக் கடிதாசி எல்லாத்தையும் வாசிக்கக் கூடிய மாதிரி டைப் பண்ணி அனுப்பு, மனுசிட வாக்குமூலம் ஒண்டும் வேணும். மனுசிக்கு இங்கிலீஸ் கடைல சாமான் வாங்கிற அளவுக்குத்தான். அதால மாஸ்டர்ட போனம்.

ஆசுப்பத்திரில என்ன வருத்தம் எண்டு எழுதித் தாற டயக்னோசிஸ் கார்ட் இங்கிலீசுலதானே இரிக்கு, அதுக்கென்ன மொழிபெயர்ப்பு எண்டு கேப்பீங்க. நம்மட டொக்டர்மார்ர எழுத்தப் பாத்தீங்களா? கோழி கிண்டின மாதிரி. மாஸ்டர் ஒரு பூதக்கண்ணாடி வெச்சிரிக்காரு, விளங்காத இடத்தில ஊகிச்சு எழுத மாட்டாரு, சிவப்புப் பேனையால வட்டம் போட்டு அந்த க்ளினிக்குக்கே திருப்பி அனுப்பிக் கேட்டுட்டு வரச் சொல்லுவாரு. நான் மூணு தரம் அலைஞ்சன். அந்த நேரம் கோவம் வந்தது உண்மை.

ஆனா மனுசிட வாக்குமூலம் எழுதின அண்டைக்குத்தான் இந்த ஆள் யாரெண்டு கண்டன். மச்சான்ட மனுசி, நான் அக்கா எண்டுதான் கூப்பிடுற, களுதாவளை ஆள். அவ சொல்லத் தொடங்கினா, "இவருக்கு ஒரே அலுப்பு சேர்" எண்டு. மாஸ்டர் டைப் பண்ணாம கைய எடுத்துப்போட்டுக் கேக்காரு, "அலுப்பா தங்கச்சி, களைப்பா, இல்லாட்டி ஏலாமையா?" அக்கா முழிக்கா. அவரு சொல்றாரு, "வயல்ல நிண்டு வந்தா வாறது களைப்பு, அது படுத்தெழும்பினா போயிரும். ஒரு வேலையும் செய்ய மனமில்லாட்டி அது அலுப்பு. மனமிரிக்கு, உடம்பு விடுதில்ல எண்டா அது ஏலாமை. மூண்டையும் டயர்ட் எண்டு போட்டனெண்டா வாசிக்கிறவன் தேத்தண்ணி குடிச்சா சரியாயிரும் எண்டு நினைப்பான்."

அக்கா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல. மறுகா சொல்றா, "ஏலாமைதான் சேர். போன தீவாளிக்கு வடைக்கு உழுந்து அரைச்சுத் தாறன் எண்டு அவராத்தான் எழும்பினாரு, கிரைண்டர்ர மூடியத் திறக்க கை விரல் மடங்கல்ல, அதோட போய்ப் படுத்தவரு, மூணு நாள் எழும்பல்ல." மாஸ்டர் இதத்தான் எழுதினாரு, அப்பிடியே. கிரைண்டர் மூடி, மூணு நாள், தீவாளி தேதி எல்லாத்தோடயும். நான் இடைல புகுந்து, சேர் கடுமையான நாட்பட்ட நோயால அவதியுறுகிறார் எண்டு கொஞ்சம் எடுப்பா போடுவமே எண்டன். என்னப் பாத்து, "தம்பி, அவதிய அவங்க நம்ப மாட்டாங்க, மூடிய நம்புவாங்க" எண்டாரு. அமெரிக்கால இருந்த அந்த ஆளும் பிறகு ஃபோன்ல இதத்தான் சொன்னான், வருத்தத்துட பேர எழுதாதீங்க, என்ன செய்ய ஏலாமப் போச்சு, மாசத்தில எத்தனை நாள், எவ்வளவு நேரம், அத எழுதுங்க எண்டு. மாஸ்டர் அந்தச் சட்டத்த வாசிச்சவரில்ல, அவருக்குத் தமிழ் தெரியும், அவ்வளவுதான்.

உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, விறைப்பு, இதுக்கெல்லாம் தனித்தனியா வேற வேற இங்கிலீஸ் சொல்லு தேடித் தேடிப் போட்டாரு. "நாரி உளைவு"க்கு மட்டும் கால் மணித்தியாலம் போச்சு. நாங்க ரெண்டு பிளேன்டீ குடிச்சு முடிச்சிட்டம்.

இன்னொண்டு. மச்சானுக்கு முழங்கால் ஒண்டு லொறில இருந்து விழுந்து பழுதானது, அது இந்த வளைகுடாப் பட்டியல்ல வராது. உடம்பெல்லாம் உளையிற ஃபைப்ரோமயால்ஜியா, நாட்பட்ட களைப்பு நோய், குடல் ஒழுங்கா வேலை செய்யாத வருத்தம், பேர் கண்டு பிடிக்க ஏலாத வருத்தம், இதுகளுக்கு ஆறு மாசத்துக்குக் குறையாம இருந்ததெண்டு காட்டினா காணும், எதால வந்ததெண்டு நிரூபிக்கத் தேவையில்ல, அங்க போய் வந்தவன் எண்டதே காரணம். முழங்காலுக்கு அப்பிடி இல்ல, டொக்டர் ஒத்தர் எழுதித் தரோணும். அதில ஒரு வசனம் இரிக்கு, "அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நாட்" எண்டு. இஞ்ச ஒரு டொக்டர்ட போனா அவரு நல்ல மனுசன், ஆனா "பொசிபிள்" எண்டு எழுதித் தந்தாரு. பொசிபிள் எண்டா அங்க செல்லாது. இத டொக்டர்ட எப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்துறது எண்டு நாங்க முழிக்க, மாஸ்டர் ஒரு துண்டில தமிழ்ல எழுதித் தந்தாரு: "தராசில ரெண்டு தட்டும் சரிசமனா நிண்டாலே போதும் ஐயா, அதுக்கு மேல நீங்க பொறுப்பெடுக்கத் தேவையில்ல." டொக்டர் வாசிச்சுச் சிரிச்சிட்டு, அம்பதுக்கு அம்பதா, அப்பிடியெண்டா தாராளமா எழுதலாமே எண்டு எழுதித் தந்திட்டாரு. தட்டு சமனா நிண்டா படைவீரன் பக்கம் தீர்ப்பு, அதுதான் அங்கத்த சட்டம். நம்மட சந்தைல மீன் நிறுக்கிறவனும் அப்பிடி எண்டா நல்லாயிரிக்கும்.

இப்ப எழுதப்போறது ரிவியூல சேர்த்தியில்லாத விசயம், ஆனா விட மனமில்ல. ரெண்டாம் தரம் போன அண்டு எங்களுக்கு முதல் ஒரு தங்கச்சி வாங்குல இருந்தா, நாப்பது வயசு மதிக்கலாம், படுவான்கரைப் பக்கத்து ஆள், கையில எக்ஸ்ரே உறை. சின்ன வயசில புலிகள் இயக்கத்தில இருந்து, 2004ல கருணா பிரிஞ்சு கிழக்குல எல்லாரையும் வீட்டுக்கு விட்ட நேரம் வந்தவ. முதுகிலயும் இடுப்பிலயும் செல் துண்டு. தலையிடியும் கால் விறைப்பும், எம்ஆர்ஐ எடுக்கப் போனா உள்ள இரும்பு இரிக்கு, எடுக்க ஏலாது எண்டு அனுப்பிட்டாங்களாம். எங்கயோ உதவி கேட்டு எழுதுற கடிதத்துக்கு எக்ஸ்ரே ரிப்போட்ட தமிழ்ல மாத்த வந்திரிக்கா. எந்த போம் எண்டு மச்சான் கேட்டாரு. போம் ஒண்டுமில்ல அண்ணே, சும்மா வெள்ளைத்தாள்ல எழுதுறதுதான் எண்டா. இந்த நாட்டு ஆமில காயப்பட்டவங்களுக்கு ரணவிரு சேவை அதிகாரசபை எண்டு 1999ல சட்டம் போட்டே ஒண்டு வெச்சிரிக்காங்க. இவக்கு உடம்புக்குள்ள துண்டு இரிக்கு, கையில துண்டு இல்ல. மாஸ்டர் அவட்ட காசு வாங்கல்ல, கேட்டதுக்கு மெசின்ல மை முடியப் போகுது அதால கழிவு எண்டு என்னவோ பொய் சொன்னாரு. மச்சான் அண்டைக்கு வீட்ட வரும் வரைக்கும் கதைக்கல்ல. கல்லடிப் பாலத்துல ஆட்டோ ஏறக்குள்ள மட்டும், "நான் எண்ணெய் லொறிதான் ஓடினன்டா" எண்டாரு.

பரிசோதனைக்குக் கொழும்புக்கு வரச் சொல்லி வந்திச்சு. இதில ஒரு கூத்து. ராத்திரி ரயில்ல போய், விடிய சவரம் செஞ்சு, இஸ்திரி போட்ட சேட்டோட போய் உக்காந்த மனுசன்ட, டொக்டர் எப்பிடி சுகம் எண்டு கேட்டிரிக்காரு. நம்மட ஆக்கள் என்ன சொல்லுவம்? சுகம், நல்ல சுகம். அவரு அத அப்பிடியே எழுதிட்டாரு, நோயாளி தான் நலமாக இருப்பதாகக் கூறுகிறார் எண்டு. மறுகா அக்காட வாக்குமூலமும், மச்சானோட லொறில இருந்த ஒரு சினேகிதன் அங்க இருந்து எழுதின கடிதமும்தான் அதச் சமன் செஞ்சது எண்டு நினைக்கன். ஆராவது இப்பிடிப் பரிசோதனைக்குப் போறீங்களெண்டா, சுகமா எண்டு கேட்டா சுகம் எண்டு சொல்லாதீங்க, கடைசியா எப்ப ஏலாமக் கிடந்தீங்க எண்டத சொல்லுங்க.

முடிவு வந்தது. ஏலாமைக்கு வீதம் போட்டுத்தான் காசு, ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு 40 வீதம், வயித்துக்கு 30 வீதம், முழங்கால் இல்ல எண்டுட்டாங்க, அதுக்கு இன்னும் கேக்கலாம். மச்சான் துள்ளிக் குதிச்சு 70 எண்டு ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டுட்டாரு. மாஸ்டர்தான் கடிதத்த முழுக்க வாசிச்சுச் சொன்னாரு, இது நம்மட கூட்டல் இல்ல மனெ, முதல் 40 போனா மிச்சம் நீ 60 பங்கு மனுசன், அந்த 60ல 30 வீதம்தான் அடுத்தது, அது 18, மொத்தம் 58, அத 60 எண்டு எடுப்பாங்க எண்டு. 70 போய் 60 ஆன கவலை ரெண்டு நாள் இருந்திச்சு. ஆனா அந்தப் பெரியம்மா இப்ப வந்தா, தம்பிக்கு அமெரிக்கால எழுதியே குடுத்திட்டாங்களாம், வருத்தம் மெய்தானாம் எண்டு மத்தவங்களுக்குச் சொல்றா. முப்பது வருசம் அவர் வாயால சொன்னத நம்பாத ஆக்கள் அவ்வளவு பேருக்கும் ஒரு கடிதம் காணும்.

சரி, கடைட குறை. கரண்ட் போனா வேலை நிண்டுரும், ஜெனரேட்டர் இல்ல. வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டா நீல டிக் விழும், பதில் வராது, நேரதான் போகோணும். ஒண்டிலிருந்து மூணு மட்டும் பூட்டியிரிக்கும், சாப்பாடும் நித்திரையும். அவசரம் எண்டு சொன்னீங்களெண்டா இன்னும் சுணங்கும், அவசரம் எண்ட சொல்லே அவருக்குப் பிடிக்காது. முதல் பிரதில மச்சான்ட லொறிப் படைட இலக்கத்த மாத்திப் போட்டிட்டாரு, நாங்க கண்டு திருத்தினம், அதால சீல் அடிக்க முதல் நீங்களும் ஒருக்கா வாசிங்க. பக்கத்துக்கு எங்கள்ட 1200 ரூபா எடுத்தாரு, கொழும்புல கேட்ட விலைக்கு இது பாதி. கார்ட் எடுக்க மாட்டாரு, சில்லறையாக் கொண்டு போங்க.

நட்சத்திரம் நாலு போடுறன், ஒண்டு அந்த வாங்குக்காக வெட்டினது, உளைவுக்காரன் ரெண்டு மணித்தியாலம் இருக்கிற வாங்கில்ல அது. சொல்லிப் பாத்தன், கதிரை வாங்குறன் எண்டு சொல்லி ஆறு மாசம். டயக்னோசிஸ் கார்ட்ட லேமினேட் பண்ணிக் கொண்டு போயிராதீங்க, பின்பக்கத்து எழுத்துத் தெரியாது எண்டு நல்ல ஏச்சு விழும்.